தண்ணீருக்குள் நிற்கும் கிழவர்

அன்புள்ள ஐயா,

உணவக விளம்பரம் ஒன்றில் 'டான்டலைசிங் பிரியாணி' என்று பார்த்தேன், ஆசை காட்டி ஏங்கவைக்கும் பிரியாணி என்ற அர்த்தத்தில். கிரேக்க ராஜா டான்டலஸின் பெயரிலிருந்து வந்த சொல்லாமே? தமிழில் 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத' என்று சொல்லலாமா? டான்டலம் உலோகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நம் நரகக் கதைகள்தான் கிரேக்கத்துக்குப் போயினவா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். எல்லாமே இங்கிருந்துதான் போனது என்று ஆரம்பித்தால் அப்புறம் எதையும் படிக்கவே வேண்டாம். உலோகம், ஆமாம். 1802இல் சுவீடன்காரர் எக்கெபெர்க் வைத்த பெயர். அதன் ஆக்சைடு அமிலத்தில் முங்கிக் கிடந்தாலும் துளிகூட எடுத்துக்கொள்ளாதாம்.

ஆனால் அந்தப் பழமொழி பொருந்தவே பொருந்தாது. கைக்கு எட்டியது என்றால் ஒருதரமாவது கையில் இருந்தது, போய்விட்டது, அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். டான்டலஸுக்கு அந்த வசதி கிடையாது. ஹோமரின் ஒடிசி காவியத்தில், 11ஆம் பகுதியில், பாதாள உலகத்தில் தண்டனையாக மோவாய் வரை தண்ணீரில் நிற்கிறான். குடிக்கக் குனியும்போதெல்லாம் தண்ணீர் வற்றிக் காலடியில் கறுப்பு மண் தெரிகிறது. தலைக்கு மேல் மாதுளை, அத்தி, பேரிக்காய். கை நீட்டும்போதெல்லாம் காற்று அவற்றை மேகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. போவதல்ல தண்டனை, ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து நிற்பதுதான். விளம்பரத்தில் சொல் பொறுக்குகிற நேரத்தில் இதைப் படித்திருக்கலாம் நீங்கள், நாலு பக்கம்கூட இல்லை.

பெற்ற மகனையே சமைத்து தேவர்களுக்குப் பரிமாறியவன் என்பார்கள். ஹோமர் அந்த இடத்தில் குற்றம் எதையும் சொல்லவில்லை. 'கிழவர்' என்கிறார், அவ்வளவுதான். நான் மாட்டிக்கொண்டது அந்தச் சொல்லில்.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மோர், ரசம், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். அம்மா காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிடுவாள்; பாவம், ரசம் ஊற்றினால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டுவாள். கூடத்து மூலையில் மண்பானை. யார் மொண்டாலும் அந்தச் சத்தத்துக்கு அப்பாவின் தலை திரும்பும். ஒரு மே மாத மதியம் ஐஸ்கட்டியை வாயில் அதக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பானையை வேற எங்கயாவது வைடா, என்னையே பாத்துக்கிட்டிருக்கு" என்றார்.

பின்கட்டுக்கு மாற்றினோம். மொள்ளும் சத்தம் அங்கிருந்தும் கேட்டது.