கவுன்சலிங் போனால் 'மெண்டல்' என்பார்களா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, ஆனால் வகுப்புக்கு எழுந்து போக முடியவில்லை. கவுன்சலிங் போனால் 'மெண்டல்' என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயம். செயலி, வீடியோ என்று நானே சரிசெய்துகொள்ள முடியுமா?

பதில்: லேசான மனச்சோர்வு என்றால் சுய உதவியே நல்ல பலன் தரும். ஆனால் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வழியைத் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதுதான் எனக்குக் கவலை.

மனநோய்கள் பெரும்பாலும் 25 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகின்றன. ஆகவே கல்லூரி வயதில் இது வந்ததற்கு உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் வகுப்பிலேயே இதே பயத்தில் வாய் திறக்காதவர்கள் இருக்கக்கூடும்.

மனசு சரியானதும் எழுந்திருக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வில் ஆர்வம் தானாக வராது; ஏதாவது செய்யத் தொடங்கிய பிறகுதான் மெல்ல வரும். எடுத்த எடுப்பில் நாள் முழுக்க வகுப்பில் உட்காரத் திட்டமிடாதீர்கள். குளித்து, உடை மாற்றி, ஒரே ஒரு வகுப்புக்குப் போங்கள். திரும்பியதும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்து வையுங்கள். எவ்வளவு மோசமாகத் தூங்கியிருந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். படுத்தபடி வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பது சுய உதவியாகாது.

இதெல்லாம் செய்தாலும் நீங்கள் ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்தே ஆகவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தாலே பரிசோதனை தேவை. உங்களுக்கோ ஒரு மாதம் ஆகிவிட்டது. தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும்கூட இப்படிச் சோர்வைத் தரும், அதையும் பார்த்துவிடலாம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டால், மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கமாக மாறுபவை அல்ல; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஆலோசகரிடம் பேசுவது ரகசியமாகவே இருக்கும். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு. 'என்னைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை யாரெல்லாம் பார்ப்பார்கள்?' என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

'செத்துவிடலாம்' என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஆலோசகரின் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அறைத்தோழரோ பெற்றோரோ, பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். தனியாக இருக்காமல், அவரையும் அழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.