சுவரில் உப்பு, பரணில் பூனை

வீடு, சுவர், கூரை பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் தண்டையார்பேட்டையில் வசிக்கும், ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் அம்மா பதில் சொல்கிறார்.

கேள்வி: ராயபுரத்தில் பழைய வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். கையிலிருந்த பணம் பத்திரப்பதிவோடு தீர்ந்ததால் நானும் கணவருமே ரிப்பேர் பார்க்கிறோம். ஹால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்து பெயிண்ட் உதிர்கிறது. சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசலாம் என்கிறார் அவர். எங்கள் இரண்டு பூனைகளும் உதிர்ந்த இடத்திலேயே புரள்கின்றன. பரவாயில்லையா?
– வாசகி, ராயபுரம்

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். புரண்ட பூனை அடுத்து என்ன செய்யும்? உட்கார்ந்து உடம்பு முழுக்க நக்கும். நீங்கள் எதைச் சுரண்டினாலும், எதைப் பூசினாலும் அதில் கொஞ்சம் பூனை வயிற்றுக்குள் போகும் என்று கணக்கு வைத்தே வேலையைத் தொடங்குங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உங்கள் சுவரில் இருப்பது அதற்கு முந்தைய பூச்சாக இருக்கலாம். அதனால் உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டுங்கள், கீழே பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள், துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி. பூனைகளை வேறு அறையில் விட்டுக் கதவிடுக்கில் ஈரத்துண்டு வையுங்கள். கத்தும், கத்தட்டும்.

இனி சிமெண்ட். உங்கள் கணவரிடம் ஒரு ஆணியைக் கொடுத்துச் செங்கல் இடுக்கைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாக, மிருதுவாக உதிர்ந்தால் அது சுண்ணாம்புக் காரை. அந்தச் சுவர் உறிஞ்சும் ஈரத்தைத் தன் மேல்பரப்பு வழியாகத்தான் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டை அடைத்தால் ஓதம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இன்றைக்கு இடுப்பில் இருக்கிற உப்பு பிறகு மார்பளவில் பூக்கும், அவ்வளவுதான் லாபம்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வடசென்னையில் பல தெருக்களில் ரோட்டின் மேலேயே ரோடு போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் சுவரை ஒட்டி நின்றால் உள்ளே எதைப் பூசினாலும் வீண். மொட்டைமாடிக் குழாய் சுவரோரம் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். அதைச் சரிசெய்தபிறகு, பெயிண்ட் போன சுவரை நன்றாகக் காயவிட்டு, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவிவிடாதீர்கள், கரைந்த உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும்.

பூச்சுக்கு நீர்த்த சுண்ணாம்பு (ஏற்கெனவே தண்ணீர் விட்டு அடங்கியது) ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் ஊர்ப் பழக்கம், சேர்க்காவிட்டால் குடிமுழுகாது. ஆனால் சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீர்க்க வைக்காதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். மெல்லிய பூச்சாக இழுத்து, ஒன்று இறுகியபின் அடுத்தது. ஈரச் சுண்ணாம்பும் ஈர சிமெண்டும் பூனையின் பாதத்தைப் புண்ணாக்கும், நக்கினால் நாக்கும் வெந்துபோகும். சுவர் முழுக்கக் காய்ந்து, கையில் ஒட்டாத நிலைக்கு வரும் வரை அந்த அறை பூனைக்குத் தடை. கடைசியாகச் சுண்ணாம்பு அடித்தால் போதும், பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம்.

கேள்வி: பின்னால் சேர்த்துக் கட்டிய பாத்ரூமில் காங்கிரீட் கூரை பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறது. பட்டி வைத்து மூடிவிடலாமா?
– அதே வாசகியின் கணவர்

பதில்: மூடினால் தலையில்தான் விழும், தம்பி. கடல் காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் கூரை வெடிக்கிறது. சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கிற இடமெல்லாம் பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். ஓரிடத்தில் மட்டும் என்றால் உடைத்தெடுத்து, கம்பியைச் சுற்றிலும் துரு போக வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சும் பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையும் வைக்கலாம். கம்பி மெலிந்திருந்தாலோ, பாதிக் கூரை பொள்ளலாக இருந்தாலோ கருவிகளைக் கீழே வைத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். இது யூடியூப் பார்த்துச் செய்கிற வேலையில்லை. அதுவரை அங்கே குளிக்காதீர்கள்.

கேள்வி: வாசற்காலில் கரையான். கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள். பூனைகள் இருக்கும்போது அடிக்கலாமா?
– அதே வாசகி

பதில்: டப்பாவில் பெர்மெத்ரின் என்று இருந்தால் அப்படியே கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நாய் தாங்குகிற அளவைக்கூடப் பூனையின் ஈரல் தாங்காது. உடம்பு நடுங்கும், எச்சில் ஒழுகும், வலிப்பு வரும். அப்படி ஏதாவது தெரிந்தால் தாமதிக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுங்கள். கரையானுக்கு ஈரம்தான் வழி. சுவரின் ஓதத்தை நிறுத்தி, உளுத்த கட்டையை வெட்டி மாற்றுங்கள். அப்புறமும் மருந்து வேண்டுமென்றால், ஆள் வைத்துத் துளைக்குள் செலுத்தச் செய்யுங்கள், பூனைகள் அன்று மாமியார் வீட்டில் இருக்கட்டும். டர்பன்டைன், அந்துருண்டை, கறுப்பு பினாயில் மூன்றும் உங்கள் வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

கேள்வி: இரண்டாவது மாடி. பால்கனியில் நைலான் வலை அடித்தேன், பூனை கிழித்துவிட்டது.
– வாசகர், காசிமேடு

பதில்: காசிமேட்டில் மீன் வாசனை வீசும் திசைக்குப் பூனை போகாமல் வேறு எங்கே போகும்? எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை அடியுங்கள். கடற்கரையோரம் 304 ரகத்தில் பழுப்புக் கறை படியும், விலை கொஞ்சம் அதிகமானாலும் 316 வாங்குங்கள். ஸ்க்ரூவும் அதே ரகமாக இருக்கட்டும். சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டால், வலை நன்றாக இருக்கும்போதே ஸ்க்ரூ அரித்து மொத்தமும் பூனையோடு கீழே வந்துவிடும்.