தட்டைத் திருப்பிப் பார்த்தால் போதுமா? (கேள்வி-பதில்)

பழைய பிரெஞ்சுப் பீங்கான் பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த முறை. எல்லாவற்றையும் வெட்டிச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஒருவர் பதினோரு பக்கம் எழுதியிருந்தார், அதில் எட்டுப் பக்கம் அவருடைய மைத்துனரைப் பற்றி.

கேள்வி: வீத்-கிரெனியேயில் (வீட்டுப் பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்பார்களே, அது) 12 தட்டுகளை 60 யூரோவுக்கு வாங்கினேன். அடியில் பச்சையில் 'லிமோஜ் பிரான்ஸ்' என்று இருக்கிறது. 200 வருடப் பழசு என்றார் விற்றவர். நல்ல விலைக்குப் போகுமா?
- வாசகர், சார்செல்

பதில்: போகாது. லிமோஜ் ஒரு கம்பெனி இல்லை, ஊர். 1768 வாக்கில் அந்த ஊருக்குத் தெற்கே சேன்-இரியே பக்கத்தில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் கிடைத்தது. அதற்குப் பிறகு அங்கே தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. யார் செய்தாலும் அடியில் ஊர்ப் பெயர் போடுவார்கள். 'பிரான்ஸ்' என்ற சொல்லும் ஒரு துப்பு. எந்த நாட்டில் செய்தது என்று இறக்குமதிச் சாமானில் எழுத வேண்டும் என 1890ல் அமெரிக்கா சட்டம் போட்டது. அந்தச் சொல் பரவலானது அதன் பிறகுதான். ஆகவே உங்கள் தட்டுக்கு 200 வயது இருக்க வாய்ப்பு குறைவு.

பளபளப்புப் பூச்சுக்குக் கீழே இருக்கும் பச்சை முத்திரை, வெள்ளைத் தட்டைச் செய்தவருடையது. பூச்சின் மேல் சிவப்பிலோ தங்கத்திலோ இன்னொன்று இருந்தால் அது பூ வரைந்தவருடையது. இரண்டாவது இல்லையென்றால், வெறும் தட்டாக வாங்கி யாரோ வீட்டில் உட்கார்ந்து வரைந்ததாகவும் இருக்கலாம். எப்படியும் தட்டு ஒன்று 5 யூரோ, குறை சொல்ல ஒன்றுமில்லை. ரசமும் புளிக்குழம்பும் மட்டும் வேண்டாம், பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம்.

கேள்வி: அத்தை கொடுத்த தட்டில் 'அமெரிக்கன் லிமோஜ்' என்று இருக்கிறது. அமெரிக்காவுக்கென்று பிரான்ஸில் செய்ததா?
- வாசகி, மொன்ரியல்

பதில்: ஒஹையோ மாநிலத்தில் செப்ரிங் என்ற ஊரில் செய்தது. அத்தையிடம் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒரு கடையில் செவ்ர் கோப்பையும் சாசரும் 900 யூரோ சொல்கிறார்கள். அடியில் நீலத்தில் இரண்டு 'எல்' எதிரெதிராகப் பின்னியிருக்கிறது. முத்திரை இருப்பதால் நம்பி வாங்கலாமா?
- வாசகர், பாரிஸ்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். செவ்ர் என்பது பாரிஸ் பக்கத்து ஊர், அங்கே பிரெஞ்சு அரசரின் பீங்கான் தொழிற்சாலை இருந்தது. பின்னிய எல்கள் அதன் முத்திரை. எட்டு வருடங்களுக்கு முன் இதே முத்திரையை நம்பி 650 யூரோ கொடுத்தவன் நான். பின்னிய எல்களின் நடுவே ஒரு 'ஏ' இருந்தது. நடுவில் இருக்கும் எழுத்து செய்த வருடத்தைச் சொல்லும், 'ஏ' என்றால் 1753 என்பது சரிதான். "1753ல் செவ்ரில் செய்தது" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். 1753ல் அந்தத் தொழிற்சாலை வான்சென்னில் இருந்தது, செவ்ருக்குக் குடிபோனதே 1756ல்தான்!

அது போகட்டும். சாசர் விளிம்பில் அரிசி அளவுக்கு ஓர் உடைசல். வீட்டுக்கு வந்து விரல் வைத்துப் பார்த்தால் உடைந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. கயோலின் கிடைப்பதற்கு முன் அங்கே செய்தது மென்பீங்கான், உடைந்தால் சர்க்கரைக் கட்டி போலப் பொரபொரவென்று இருக்கும். வழவழப்பான கெட்டிப் பீங்கான் அங்கே விற்பனைக்கு வந்தது 1770களில். 1753 தேதி போட்ட கெட்டிப் பீங்கான் என்றால், போட்டவன் பொய்யன்.

முத்திரை என்பது தூரிகையால் ஒரு நிமிடத்தில் போடுவது. எவன் வேண்டுமானாலும் போடலாம், போட்டார்கள். பாரிஸில் 1845ல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் பழைய பீங்கான்களைப் பார்த்து அதே மாதிரி செய்தே பெயர் வாங்கியது. இன்னொரு கூத்தும் உண்டு. 1800ல் செவ்ருக்குத் தலைமை ஏற்ற ப்ரோஞ்ஞார், கிடங்கில் தேங்கிக் கிடந்த வண்ணம் தீட்டாத பழைய சாமான்களை விற்றுத் தள்ளினார். வெளியாட்கள் வாங்கி அரச குடும்பத்துக்குச் செய்தது போல வரைந்து விற்றார்கள். அதாவது பீங்கான் அசல், அதன் மேல் இருக்கும் படம் பின்னால் வந்தது. இவ்வளவு இருந்தும் நம் ஆட்கள் கோப்பையைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறார்கள்!

சரி, என்ன செய்யலாம்? விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். 1981ல் வந்த பிரெஞ்சு அரசாணைப்படி, பொருளின் பெயருக்குப் பின்னால் '18ம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதினால், அது அந்தக் காலத்தில் செய்தது என்பதற்கு விற்றவர் பொறுப்பு. 'செவ்ர் பாணி' என்று எழுதினால் பொறுப்பே இல்லை. என் சீட்டில் எழுதியிருந்தது 'பாணி'. படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அந்தக் கோப்பையில் இப்போது என் பேனாக்கள் நிற்கின்றன.

கேள்வி: இணையத்தில் ஒரு பழம்பொருள் கடையில், மகள் கல்யாணத்துக்கென்று மூடி போட்ட சூப் பாத்திரம் வாங்கினேன். 'நல்ல நிலை' என்று போட்டிருந்தது. வந்து இரண்டு நாள் ஆகிறது. கைப்பிடி ஒட்டுப்போட்டது, மேலே வெள்ளை பூசி மறைத்திருக்கிறார்கள். பழம்பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் கடைக்காரர்.
- வாசகி, பொபினி

பதில்: அவர் சொல்வது தப்பு அம்மா. நீங்கள் ஏமாந்தது உங்கள் குற்றமும் இல்லை, இந்த மாதிரிப் பூச்சு படத்தில் தெரியாது. தொழிலாக விற்பவரிடம் இணையத்தில் வாங்கினால், கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். பழம்பொருள் என்பது அதற்கு விலக்கு இல்லை. ஒட்டுப்போட்டதை மறைத்து 'நல்ல நிலை' என்றது தனிக் குற்றம். இன்றைக்கே கைப்பிடியைப் படம் எடுங்கள், விளம்பரப் பக்கத்தையும் படமாக எடுத்து வையுங்கள், அவர் அழிக்கும் முன்பே. பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். மசியவில்லை என்றால் அரசின் சிஞ்ஞால்-கோன்ஸோ தளத்தில் புகார் கொடுங்கள். ஒட்டை உறுதி செய்ய விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். முழுசாக இருந்தால் 'டிங்' என்று இழுக்கும், ஒட்டியது 'டொக்' என்று நின்றுவிடும்.

கேள்வி: ஏலத்தில் இணையம் வழியாக 400 யூரோவுக்கு ஒரு செட் எடுத்தேன். பில் 500க்கு மேல் வந்தது. ஏழு தட்டில் விளிம்பு சிதைந்திருக்கிறது. 14 நாள் விதியில் திருப்பலாமா?
- வாசகர், லியோன்

பதில்: பொது ஏலத்துக்கு அந்த விதி இல்லை. சுத்தியல் விலைக்கு (ஏலம் முடிந்த விலைக்கு) மேல் கமிஷன் உண்டு என்று ஏல நிபந்தனைகளில் போட்டிருப்பார்கள். நீங்கள் அனுப்பிய விவரப் பக்கத்திலேயே 'எக்ரனூர்' என்று இருக்கிறது, விளிம்புச் சில்லு என்று அர்த்தம். படித்தீர்களா? இல்லை. அப்புறம் என்னிடம் எதற்கு?

கேள்வி: ஜியான் தட்டு பீங்கானா?
- வாசகி, நான்ட்

பதில்: இல்லை, ஃபையான்ஸ், அதாவது பளபளப்புப் பூச்சுப் போட்ட சுட்ட களிமண். விளக்குக்கு முன் பிடித்துப் பின்னால் விரலை வையுங்கள். பீங்கானில் விரல் நிழலாகத் தெரியும், இதில் தெரியாது.

கேள்வி: தங்க விளிம்பு போட்ட பழைய தட்டுகளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா?
- வாசகர், துலூஸ்

பதில்: கூடாது, மைக்ரோவேவும் கூடாது. நான் போட்டேன். ஒரு வருடத்தில் ஆறு வெறும் வெள்ளைத் தட்டுகள் என்னிடம் இருந்தன.