பூட்டிய சாய்தளம்

கேள்வி: சக்கர நாற்காலியில் வேலைக்குப் போகிறேன். சாய்தளம் சரக்கு இறக்கும் பின்வாசலில் மட்டும்தான் இருக்கிறது. அதன் சாவி காவலரிடம். அவர் வரும்வரை காத்திருந்தால் தாமதமென்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள். 'வசதிதான் செய்தாயிற்றே' என்கிறார் மேலாளர். நான் அதிகம் கேட்கிறேனா?

பதில்: இல்லை. சாய்தளம் கட்டிப் பூட்டிவைப்பது, இலை போட்டுவிட்டு விருந்தாளியின் கையைக் கட்டிப்போடுவது போல. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. காத்திருந்த நிமிடங்களையும் பிடித்த தொகையையும் தேதிவாரியாகக் குறித்து மனுக் கொடுங்கள். நகலில் கையொப்பம் வாங்குங்கள். (வாய்மொழிப் புகார்கள் ஆவியாவதை, மனுக்களைப் பிரிக்கும் வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன்.) பிடித்த பணத்தையும் விடாதீர்கள். முன்வாசல் சாய்தளம் கட்ட நாளாகும். சாவியின் நகல் நாளைக்கே உங்கள் பையில் இருக்கலாம்.