வளவுக்குள் வாழும் சிற்றுயிர்களைப் படம்பிடித்தல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓய்வுபெற்ற பின்னர், என் வளவில் உள்ள பூச்சிகளைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வருகிறேன். பெரும்பாலான படங்கள் கலங்கலாகவே வருகின்றன. கனடாவில் இருக்கும் மகன் நல்ல கமரா ஒன்று வாங்கப் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், கோண்டாவில்

பதில்: மகன் அனுப்பும் பணத்தை இப்போதைக்கு வங்கியிலேயே வைத்திருங்கள். படங்கள் கலங்குவதற்குக் கருவியைவிட, நாம் தெரிவு செய்யும் நேரமும் இடமுமே பெரும்பாலும் காரணமாகின்றன. பூச்சிகளின் உடற்சூடு சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. ஆகையால் இரவின் குளிர் விலகாத காலை வேளையில், பறப்பதற்கு வேண்டிய சூட்டைப் பெறும்வரை அவை இருந்த இடத்திலேயே அசையாதிருக்கும். பத்து மணி வெயிலில் உங்கள் நிழல் பட்டதுமே பறந்துவிடும் தும்பி, சூரியன் எழும் வேளையில் வேலிக் கம்பியில் இருந்தபடி, நீங்கள் ஆறுதலாக நெருங்கிப் படமெடுக்க இடங்கொடுக்கும். காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சோழகம் வீசும் மாதங்களில் பகலில் ஓர் இலைகூட நிலைத்து நிற்பதில்லை. அக்காலத்தில் விடியற்பொழுதையும் மதிலோரத்துக் காற்றுமறைவையும் விட்டால் வேறு வழியில்லை. ஐப்பசியில் மாரி தொடங்கித் தளிர்கள் துளிர்த்த பின்னர்தான் நம் வளவுகளில் சிற்றுயிர்கள் மிகுதியாகத் தென்படும்.

பூச்சியைத் துரத்துவதை விட்டு, அது தேடிவரும் செடியின் அருகே காத்திருப்பது அடுத்த படி. உங்கள் வளவில் தேசி மரம் இருந்தால் வேறெங்கும் போகத் தேவையில்லை. அதன் இளந்தளிர்களில் தேசி வண்ணத்துப்பூச்சி ஒவ்வொன்றாக முட்டையிடும். வெளிவரும் புழு முதலில் கபிலமும் வெள்ளையும் கலந்து பறவை எச்சம்போலக் கிடக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற உறுப்பை நீட்டி நாற்றத்தை வெளிவிடும். பின்னர் பட்டுநூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். ஓடவும் பறக்கவும் முடியாத இந்தப் பருவங்களைத் தொடர்ந்து படம்பிடித்தாலே, தூரத்தை மதிப்பிடவும் கையை நிலையாக வைத்திருக்கவும் பழகிவிடும். வேலியோரத்து எருக்கலையை வெட்டாமல் விட்டால், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும் மூன்று சோடிக் கரிய தும்புகளும் கொண்ட இன்னொரு புழுவும் வந்து சேரும். வளவைத் துப்புரவாகக் கூட்டிப் பெருக்குவதில் நமக்குள்ள பிடிவாதம் இந்த வேலைக்கு உதவாது.

கைத்தொலைபேசியைப் பொறுத்தவரை, முகப்பில் மாட்டும், அருகிலுள்ள சிறு பொருளைப் பெரிதாகக் காட்டும் மெக்ரோ வில்லை ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது ஆரம்பத்துக்குப் போதும். அதை மாட்டியதும் சில சென்ரிமீற்றர் தூரத்தில் மட்டுமே குவியம் (ஃபோகஸ்) அமையும் என்பதால், திரையைத் தொட்டுக் குவியத்தைப் பூட்டிவிட்டு, உங்கள் உடலையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இவ்வளவும் கைவந்த பிறகும் ஆசை இருந்தால், 90 அல்லது 100 மில்லிமீற்றர் மெக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். கமரா பழையதாக இருந்தாலும் குறையில்லை. குவியத்தூரம் கூடிய லென்ஸ், பூச்சியைக் கலைக்காதபடி சற்று எட்ட நிற்க உதவுகிறது. உயிரினத்தின் உண்மை அளவிலேயே கமராவின் உணரியில் உருவம் பதியும்போது, லென்ஸின் ஒளித்துளையை எஃப் 11 என்ற அளவுக்குச் சுருக்கினாலும் (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆதலால் பூச்சியின் கண்ணில் குவியம் விழுந்ததா என்பதை மட்டும் பாருங்கள், மற்றவை கலங்கினாலும் படம் நிற்கும். ஒளித்துளையை எஃப் 16க்கும் மேலே சுருக்கினால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். அதைவிட, ஃபிளாஷின் முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றைக் கட்டி ஒளியைப் பரப்புவது நல்ல பலன் தரும்.

கேள்வி: எங்கள் கிணற்றடியில் வலையின் நடுவே வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டு ஒரு சிலந்தி இருக்கிறது. படத்தில் வானம் வெளிறிப்போய், சிலந்தி கறுப்பாக விழுகிறது. அந்தக் குறி எதற்காக?
– வாசகி, மானிப்பாய்

பதில்: அது ஆர்ஜியோப் பேரினத்துப் பெண் சிலந்தி, ஆண் இதனிலும் மிகச் சிறியது. குறியின் பயன்பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. புற ஊதாக் கதிரைத் தெறிக்கச் செய்து இரையைக் கவர்கிறது என்று ஒரு சாராரும், பறவைகள் வலையை அறுத்துச் செல்லாதபடி எச்சரிக்கிறது என்று இன்னொரு சாராரும் கூறுகின்றனர். படத்துக்கு வானத்தைப் பின்புலமாக்காதீர்கள். கிணற்றுக்கட்டின் நிழல் விழுந்த பக்கமோ அடர்ந்த வாழையோ வலைக்குப் பின்னால் வரும்படி நின்று, பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில், கமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி குறைத்து எடுங்கள். வலை தானாகவே துலங்கும். கமராவின் முகம் வலைக்கு நேர் இணையாக இருந்தால் எட்டுக் கால்களும் ஒருங்கே தெளியும். மிக நெருங்கினால் அது வலையை உலுப்பும். அப்போது விலகி நின்று சற்றுப் பொறுங்கள்.

கேள்வி: மாமரத்து முசுறு எறும்பு ஒன்றைப் படம்பிடித்துப் பெருப்பித்துப் பார்த்தபோது எட்டுக் கால்கள் தெரிந்தன. இது எப்படி?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: உங்களுக்குப் பெரும் அதிர்ஷ்டம். நீங்கள் பிடித்தது முசுறைப்போல வேடமிட்ட பாயும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோலத் தூக்கி ஆட்டிக்கொண்டு, எஞ்சிய ஆறு கால்களால் எறும்புபோலவே நடக்கும். தலையின் இருபுறமும் உள்ள கரும்புள்ளிகள் எறும்பின் கண்களாகத் தோன்றும். ஆணின் தாடைகள் மிக நீண்டவை என்பதால், எறும்பொன்று இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வதுபோல் இருக்கும். முசுறு கடிக்கும் என்று அஞ்சும் பறவைகளிடமிருந்து தப்பவே இந்த வேடம். முசுறுகளிடமிருந்துகூட அது விலகியே திரியும். உறுதிசெய்ய, முகத்தை நேராகப் பிடியுங்கள்: முன்னால் இரண்டு பெரிய கண்கள் தெரிந்தால் சிலந்திதான். அச்சமூட்டினால் நூலில் தொங்கிக் கீழே இறங்கிவிடும். எறும்பு அப்படிச் செய்வதில்லை.

கேள்வி: பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் அசையாதிருக்கும் என்கிறார்களே?
– வாசகர், கொக்குவில்

பதில்: வேண்டாம். சில இறந்துபோகும், பிழைப்பவையும் கால்கள் மடங்கிய இயல்பற்ற நிலையில் படத்தில் தெரியும். அதிகாலைக் குளிரே அந்த வேலையைச் செய்து தருகிறது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகள் கைத்தொலைபேசியுடன் வேலியடியில் படுத்துக்கிடந்து படம்பிடிக்கிறாள். தடுக்கலாமா?
– வாசகி, நல்லூர்

பதில்: தடுக்க வேண்டாம், ஆனால் இடத்தைப் பார்த்து அனுமதியுங்கள். பழைய கிடுகுக் குவியல், விறகுக் கட்டு, சருகு மூடிய வேலியடி ஆகியவற்றில் புடையனும் சுருட்டைப் பாம்பும் பதுங்கியிருக்கலாம். அங்கே படுப்பதோ கையை நுழைப்பதோ கூடாது. முதலில் ஒரு தடியால் சருகைத் தட்டிப் பார்க்க வேண்டும், சப்பாத்து அணிந்திருக்க வேண்டும். முருங்கையில் மயிர்க்கொட்டி மொய்க்கும் காலத்தில் மரத்தின் கீழ் நிற்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். தரையோடு தரையாகப் படமெடுக்க விரும்பினால், கூட்டிய முற்றத்தில் வைத்த பூச்சாடிகளே அவளுக்குப் போதும். சிற்றுயிர்களைத் தேடி, அவற்றிலுள்ள செவ்வரத்தை இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.