பூனைக்குட்டியை இப்போதைக்கு எங்கேயும் அனுப்ப வேண்டாம்

கேள்வி: எனக்கு 66 வயது. களுதாவளையில் மகளோடு இருக்கிறேன். பத்து வருடமாகச் சீனி வருத்தம், பிரசரும் உண்டு. மாதாமாதம் கிளினிக் போய் மருந்து எடுக்கிறேன். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவனுக்கு ஒன்பது வயது. முட்டு வருத்தம் (ஆஸ்துமா), பம்ப் பாவிக்கிறான். சின்னவளுக்கு ஐந்து. மகளுக்கு இப்போது நாலு மாதம். பத்து நாளைக்கு முன் பெரியவன் டியூசன் விட்டு வரும்போது மழையில் கிடந்த ஒரு பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். அன்றிலிருந்து பிள்ளைகள் போனைத் தொடுவதில்லை, என்னைச் சுற்றியே இருக்கிறார்கள். ஆனால் பூனை மயிர் வயிற்றுக்குள் போனால் பிள்ளைகளுக்கு முட்டு கூடும், வயிற்றுப் பிள்ளைக்கும் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். சாக்கில் கட்டி எங்கேயாவது விடச் சொல்கிறார் மருமகன். நாலு நாளைக்கு முன் குட்டி என் காலைப் பிறாண்டியது. நிலத்தில் இரத்தத்தைப் பேத்தி காட்டித்தான் எனக்கே தெரியும். மஞ்சள் பூசினேன், காய்ந்துவிட்டது. பூனையை வைத்திருக்கலாமா, விட்டுவிடவா?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது பூனை மயிரைப் பற்றி. எனக்குப் பயம் தந்தது கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கால் காயம். மயிருக்குப் பிறகு வருகிறேன். முதலில் இதை வாசித்த கையோடு கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

காரணம் விசர்நோய். நீர்வெறுப்பு நோய் என்பதும் இதுதான். இது நாயால் மட்டும் வருவது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். பூனையாலும் வரும். கிருமி எச்சிலில் இருக்கும். பூனை தன் காலை நக்கிக்கொண்டே இருக்கிற சாதி என்பதால், இரத்தம் வரும்படி பிறாண்டினாலும் கடித்ததைப் போலத்தான் நாங்கள் கணக்கில் எடுப்போம். உங்கள் குட்டி தெருவில் கிடந்தது. அதன் தாய் எது, அதை எது கடித்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு விசர் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் இருக்காது. ஆனால் இந்த நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிய பிறகு ஆளைக் காப்பாற்ற எங்களிடம் மருந்து இல்லை. அதற்கு முன்னர் போட்டால் தடுப்பூசி நன்றாக வேலை செய்யும். அதனால்தான் 'பெரும்பாலும் இருக்காது' என்பதை நம்பி ஒருவரையும் வீட்டில் இருத்தி வைக்க எனக்கு மனம் வராது.

நாலு நாள் போய்விட்டதே என்று யோசிக்காதீர்கள். பிந்தியாவது போவது, போகாமலே இருப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. அரச வைத்தியசாலையில் இந்த ஊசிக்குக் காசு இல்லை. தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்ற கதை உங்கள் வயது ஆட்களின் தலைக்குள் இன்னும் இருக்கும். அது பழைய காலத்து மருந்து. இப்போது கையில்தான் போடுவார்கள், சில தடவை மட்டும், திகதியை அட்டையில் எழுதித் தருவார்கள். காயத்தைப் பார்த்து, அதைச் சுற்றி வேறொரு எதிர்ப்பு மருந்தும் போட வேண்டுமா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். ஏற்பு ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள், யோசித்துக்கொண்டு போங்கள். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் போய்வாருங்கள்.

மஞ்சள் பூசியதற்கு ஏச மாட்டேன், என் அம்மம்மாவும் அதைத்தான் செய்வார். ஆனால் இனி யாரைப் பூனை பிறாண்டினாலும், கடித்தாலும் முதலில் பைப்பைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவினால்தான் தெரியும். இந்தக் கிருமி சவர்க்காரத்துக்குத் தாங்காது. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம், காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். பூனையை விட்டுவிடவா என்றால், விடக்கூடாது. பாசத்துக்காகச் சொல்லவில்லை, வைத்தியத்துக்காகச் சொல்கிறேன். பிறாண்டிய நாளிலிருந்து இரண்டு கிழமைக்கு அந்தக் குட்டி உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். சாப்பிட்டு, குடித்து, துள்ளிக்கொண்டு இருந்தால் பிறாண்டிய அன்று அதன் எச்சிலில் விசர்க் கிருமி இருக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்து மிச்ச ஊசிகளை நிறுத்தலாமா என்று வைத்தியசாலையில் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிட்டால் உங்களிடம் இருக்கிற ஒரே அத்தாட்சியும் போய்விடும். மருமகனிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கு விளங்கும். இடையில் குட்டி சாப்பாட்டை விட்டால், வாயில் எச்சில் ஒழுகினால், காரணமில்லாமல் சீறிப் பாய்ந்தால், அல்லது காணாமல் போனால், செத்துப்போனால் உடனே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். செத்தால் வெறுங்கையால் தொடவோ புதைக்கவோ வேண்டாம், ஊர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பிஎச்ஐ) சொல்லுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள், அவர்களுக்கும் எங்காவது கீறல் இருக்கிறதா என்று. பூனையை அடித்துவிடுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பார்கள். "பூனையை ஒன்றும் செய்யமாட்டம்" என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார்கள்.

இன்னொன்று. இரத்தத்தைப் பேத்தி காட்டித்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். பூனை நகம் ஊசி மாதிரி. அது இரத்தம் வரக் கீறியும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், பத்து வருடச் சீனி உங்கள் காலின் உணர்ச்சி நரம்புகளைத் தின்றிருக்கக்கூடும். என் கணக்கில் பூனை உங்களுக்குச் செய்த உபகாரம் இது. அடுத்த கிளினிக்கில் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், "காலில் உணர்ச்சி இருக்கா என்று பாருங்க டொக்டர்" என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் இரவு படுக்க முன் பேத்தியை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக் கண்ணுக்குத் தப்பாது. பிறாண்டிய இடம் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், அல்லது தொடை இடுக்கில் நெறி கட்டினால் காட்ட வேண்டும். பூனை கடித்தால் இன்னும் கவனம். பல் மெல்லிசு என்பதால் வெளியில் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்துக்குப் போய்விடும். மீன் ஆயும்போது பூனை விரலைக் கவ்விய ஒரு அம்மா, "சின்னக் கடிதானே" என்று இருந்துவிட்டு, மறுநாள் கை முழங்கை வரை வீங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் சீனிதான்.

சரி, மயிர். பூனை மயிர் வயிற்றுக்குள் போனால் வெளியே வந்துவிடும், அதனால் முட்டு வராது. ஆனால் ஊர்ப்பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பூனை நக்க நக்க அது மயிரில் ஒட்டி, காய்ந்து, தூசியாகப் பறக்கும். பேரனுக்கு ஒத்துக்கொள்ளாதா என்பதை அவன் உடம்புதான் சொல்ல வேண்டும். இந்தப் பத்து நாளில் இரவு இருமல் கூடியிருக்கிறதா? பூனையைக் கொஞ்சிய பிறகு தும்மல், கண் அரிப்பு வருகிறதா? முட்டு வரும்போது அடிக்கிற நீலப் பம்ப் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுகிறதா? இதில் எதற்காவது ஆம் என்றால் அவனைக் கிளினிக்கில் காட்டுங்கள், அப்போது பூனைக்கு வேறு வீடு தேடுவதைப் பற்றியும் பேசலாம். இல்லையென்றால் பூனையை அவன் படுக்கிற அறைக்குள் விடாமல் இருந்தால் போதும். அவனது தடுப்புப் பம்ப்பை, நன்றாக இருக்கிறான் என்று நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், இரவில் நுளம்புத் திரி கொளுத்துகிறீர்களா? பூனையை விரட்ட நிற்கிற பல வீடுகளில், பிள்ளையின் தலைமாட்டில் திரி புகைந்துகொண்டிருக்கும்.

மகளின் விசயத்தில் பயப்பட வேண்டியது மயிரை அல்ல, பூனையின் மலத்தை. டொக்சோபிளாஸ்மா என்றொரு கிருமி சில பூனைகளின், அதிலும் குட்டிகளின், மலத்தில் வரும். கர்ப்ப காலத்தில் முதன்முதலாக அது தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். பூனையைத் தடவுவதால் தொற்றுவது அரிது. மலத்தில் வெளியான கிருமி தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும், அதனால் அன்றன்றே அள்ளிவிட்டால் முக்கால்வாசி அலுவல் முடிந்தது. அதை மகள் செய்யக்கூடாது. மருமகன் செய்யட்டும். நீங்களும் காயம் ஆறும்வரை தள்ளி நில்லுங்கள். மகள் வல்லாரை, பொன்னாங்காணி சம்பல் சாப்பிடுகிறவர் என்றால் இலையை நன்றாக அலசிக் கழுவுங்கள். இறைச்சியை வேகவைத்தே கொடுங்கள். இந்தக் கிருமி பலருக்கு வருவது பூனையிடம் இருந்து நேராக அல்ல, மண்ணிலும் வேகாத இறைச்சியிலும் இருந்துதான். கிளினிக்கில் வீட்டில் பூனை இருப்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

களுதாவளை வளவென்றால் மணல் வளவு. பூனைக்கு அதைவிடச் சொர்க்கம் வேறில்லை, தோண்டி இருந்துவிட்டு மூடிவிட்டுப் போய்விடும். அந்த மணலில் கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருக்கும், வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளையின் தோலுக்குள் புகுந்து, சிவப்பாகப் பாம்பு நெளிவது மாதிரி ஒரு கோடு போட்டுக்கொண்டு நகரும். தாங்க முடியாத அரிப்பு. ஆபத்தில்லை, மருந்து உண்டு, ஆனால் பிள்ளை இரவெல்லாம் தூங்காது. பழைய பேசின் ஒன்றில் மணல் போட்டுக் குசினிக்குப் பின்னால் வைத்துப் பழக்குங்கள், குட்டிகள் இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும். அள்ளியதைச் சொப்பின் பையில் கட்டிவிட வேண்டும். பிள்ளைகளுக்குச் செருப்பு, சாப்பிட முன் சவர்க்காரம், வேறொன்றுமில்லை.

குட்டியை ஒருமுறை அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய், பூச்சி மருந்து, தெள்ளுக்கு மருந்து, வயது வந்ததும் விசர்த் தடுப்பூசி எல்லாம் கேளுங்கள். காய்ச்சல் என்று நினைத்து அதற்குப் பனடோல் கொடுக்கவே வேண்டாம். நமக்குச் சாதாரணமான ஒரு குளிசை பூனையைக் கொன்றுவிடும்.

கடைசியாக, கால்மாட்டில் படுக்கிற வழக்கம் குட்டிக்கு இருக்கும். விடியப்புறம் இருட்டில் எழும்பி நீங்கள் கால் வைக்கிற இடத்தில் அது வந்து நிற்கும். உங்கள் வயதில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் பிறாண்டலைப் போல மஞ்சள் பூசிக் கதை முடியாது. பாய்க்குப் பக்கத்தில் டோர்ச் வையுங்கள், கண் விழித்ததும் உடனே நடக்காமல் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புங்கள், பிரசர் குளிசை எடுப்பவர்களுக்குத் தலை சுற்றும். குட்டியின் கழுத்தில் இழுபடுகிற பட்டியில் ஒரு சின்னச் சலங்கை கட்டச் சொல்லுங்கள். கோயில் திருவிழாக் கடையில் பேரப்பிள்ளைகளே தேடி எடுத்துவிடுவார்கள். அது எங்கே நிற்கிறதென்று உங்களுக்குக் கேட்கும்.

ஆனால் சலங்கை பிறகு. முதலில் வைத்தியசாலை.