எடுத்த அப்பெண்டிக்ஸ் திரும்ப நோகுமா?

கேள்வி: எனக்கு வயது 29, திருமணமானவள், கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் அப்பெண்டிக்ஸை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு நாளாக அதே வலது அடிவயிற்றில் வலி, வாந்தி, இலேசான காய்ச்சல். "அப்பெண்டிக்ஸ்தான் இல்லையே, கஸ்ட்ரைட்டிஸாக (இரைப்பை அழற்சியாக) இருக்கும்" என்று பார்மசியில் மருந்து தந்தார்கள். குறையவில்லை. வியாழக்கிழமைக்கு ஒரு சர்ஜனைக் காட்டச் சனல் பண்ணி, நேரம் எடுத்திருக்கிறேன். அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், சகோதரி. இன்றைக்கே ஓர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தேசிய வைத்தியசாலை உங்களுக்குப் பக்கம்தான். நடக்க முடியாவிட்டால் 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

எடுத்த பிறகும் வருமா என்றால், வரும். அப்பெண்டிக்ஸ் பெருங்குடலின் தொடக்கத்தில் விரல் மாதிரித் தொங்கும் ஒரு சிறு குழாய். அதை அடியில் கட்டி வெட்டும்போது சிறு முனை மிஞ்சும். அது 5 மில்லிமீற்றருக்குள் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஆனால் ஒப்பரேஷன் நேரத்தில் அந்த இடமெல்லாம் வீங்கி ஒட்டிக் கிடந்தால், அடி எது என்று சரியாகத் தெரியாமல் நீளமான துண்டு தங்கிவிடலாம். அதற்குள் மலக்கட்டி அடைத்தால் பழைய கதைதான். சில வாரங்களிலும் வந்திருக்கிறது, பல பத்து வருடங்கள் கழித்தும் வந்திருக்கிறது. வயிற்றைத் திறந்து செய்தாலும், சிறு துளைகள் போட்டு லெப்ரொஸ்கோப்பியில் செய்தாலும் வரலாம்.

இது மிக அரிது. அதனாலேயே யாருக்கும் நினைவு வருவதில்லை. 1945-இலேயே மருத்துவ இதழில் எழுதப்பட்ட விஷயம். இன்னும் தழும்பைக் கண்டவுடன் "அப்போ அப்பெண்டிக்ஸ் இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். கண்டுபிடிப்பதற்குள் அது வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டால் சிறிய ஒப்பரேஷன் பெரிய ஒப்பரேஷனாகிவிடும். இதில் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் அப்பெண்டிக்ஸ் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி. எவ்வளவு மிஞ்சியது, ஒப்பரேஷன் கஷ்டமாக இருந்ததா, ஒன்றும் இருக்காது. ஓர் ஆஸ்பத்திரியின் குறிப்பு அடுத்த ஆஸ்பத்திரிக்கு எட்டாது. நோயாளிதான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

ஆகவே உங்கள் வாயால் சொல்லுங்கள்: "அப்பெண்டிக்ஸ் எடுத்தவள்தான், ஆனால் மிஞ்சின துண்டில் அழற்சியா என்று பாருங்கள்." டொக்டர் கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம். இதைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன்.

ஆனால் அந்த ஸ்கேனுக்கு முன் ஒன்று. கர்ப்பப் பரிசோதனை செய்தாக வேண்டும். மாதவிலக்கு ஒழுங்காக வந்தது, வாய்ப்பே இல்லை என்று நினைத்தாலும் செய்யுங்கள். கரு கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயில் தங்கினாலும் இதே பக்கத்தில் இதே மாதிரி நோகலாம். சிலருக்கு வரும் இரத்தக்கசிவை மாதவிலக்கு என்றே எண்ணிவிடுவார்கள். கருக்குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் என்றால் சி.டி.யை யோசித்துத்தான் எடுப்பார்கள், முதலில் அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று வெட்கப்பட்டு இந்தக் கேள்விக்குப் பதிலை மறைக்காதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

இனி நான் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம். ஆஸ்பத்திரி வாசலில், சில நேரம் உள்ளேயும், "இங்கே ஸ்கேனுக்கு நாள் எடுக்கும், தெரிந்த இடத்தில் உடனே எடுத்துத் தருகிறேன்" என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். அவர்களுக்கு அதில் கமிஷன். டொக்டர் கேட்காத ஸ்கேனை எடுத்துக்கொண்டு போனால் காசும் போகும், நேரமும் போகும். வெளியே எடுக்கச் சொன்னால், அந்தக் கடிதத்தை எழுதிய டொக்டரிடமே எது, எதற்கு என்று கேளுங்கள். பேதி மருந்து குடிப்பதும் எண்ணெய் போட்டு வயிற்றைத் தடவுவதும் வேண்டவே வேண்டாம். பார்மசி மருந்தையும் நிறுத்துங்கள், ஆனால் அந்தப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டொக்டர் பார்க்கும்வரை சாப்பிடவும் வேண்டாம்.

மிஞ்சிய துண்டுதான் காரணம் என்றால் அதையும் எடுப்பார்கள். அடிப்பகுதி பழுதாகியிருந்தால் குடலில் சிறு பகுதியையும் சேர்த்து எடுக்க நேரும். வீட்டுக்கு வருமுன் இந்தத் தடவை எவ்வளவு எடுத்தார்கள் என்பதைக் கார்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.